ஸ்பெயினில் பொன் கப்பல் வந்தும் கடன் தீரவில்லை, திவால் அறிவிக்கலாமா?

வெள்ளிக்கப்பல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 ஆடுகிறேன், ஒரு நாட்டை எடுத்து நூற்றாண்டுக்கணக்கில் ஆளுகிற கணினி விளையாட்டு. காஸ்டிலில் தொடங்கி இப்போது ஸ்பெயின். ஆட்டத்தில் வருஷம் 1571. நான் தொடங்கிய ஆட்டங்களில் இவ்வளவு தூரம் வந்தது இது ஒன்றுதான், அதனால் விட மனசு வரவில்லை.

தொடக்கத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அரகோன் கல்யாண உறவில் வந்து சேர்ந்தது. பர்கண்டியில் சார்லஸ் வாரிசில்லாமல் செத்துப்போக, ஃபிளாண்டர்ஸ், பிரபாண்ட், ஹாலந்து (இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம்) மூன்றும் சண்டை இல்லாமலே என் கைக்கு வந்தன. மெக்சிகோவில் குடியேற்ற நாடு அமைந்து, அங்கே சுரங்கமும் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் பாதி உலகம் மஞ்சளாகத் தெரிகிறது. பெட்டியில்தான் காசில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாத வரவு 82 டுகாட் (ஆட்டத்தில் காசுக்கு அதுதான் பேர்), செலவு 97. அந்தச் செலவில் வட்டி மட்டும் 19. கடன் 23, ஒவ்வொன்றும் 250. பணவீக்கம் 14 சதவீதம். ஆலோசகர்கள் மூன்று பேருமே மூன்றாம் நிலை. பிரான்ஸுடன் நடந்த போர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாருக்கும் லாபமில்லாமல் முடிந்தது. அப்போது பிடித்த கூலிப்படையை இன்னும் அனுப்பவில்லை, மாதம் 16 தின்கிறது. ஹாலந்தில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கலகம் கிளம்புவதால் அனுப்பப் பயம்.

மெக்சிகோவிலிருந்து சுமார் இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை பொன் கப்பல் வந்து 310 டுகாட் கொட்டுகிறது. அன்றைக்கு மட்டும் நிம்மதி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பழைய சேவ்களைத் திறந்து பார்த்தேன். ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில் சராசரியாக 2 கடன் எடுத்திருக்கிறேன், கப்பல் வந்ததும் 1 அடைத்திருக்கிறேன். இது இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்று தெரிகிறது.

திவால் பொத்தானை அழுத்திவிட்டால் 23 கடனும் ஒரே நாளில் போய்விடும். அழுத்தலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கோட்டைக்காரன்:

அழுத்தாதீங்க ப்ரோ. முதலில் கோட்டைகளைப் பாருங்க. தொலேடோ மாதிரி உள்நாட்டுக் கோட்டைக்கு எவனும் வரப்போவதில்லை, அதையெல்லாம் தூங்க விட்டால் பராமரிப்பு பாதியாகும். பைரனீஸ் மலையோரம் பிரான்ஸைப் பார்த்து நிற்பதை மட்டும் முழுக் காவலோடு வைத்துக்கொள்ளுங்க. போர் இல்லாத மாதங்களில் படைப் பராமரிப்பையும் கீழே இறக்கலாம். ஆனால் ஹாலந்தில் கலகத்துக்கான அளவு நிரம்பிவருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கணும். பராமரிப்பை இறக்கினால் விழுகிற படையின் மனோதிடம் திரும்ப ஏற நேரம் எடுக்கும், கலகக்காரன் வந்த பிறகு ஏற்றினால் முதல் சண்டையிலேயே ஓடிவிடுவார்கள்.

---

உரைகல்:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். "ஒரு கப்பலுக்குள் 2 கடன், கப்பல் வந்ததும் 1" என்று நீங்களே கண்டுபிடித்தீர்களே, பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதைத் தொட்டுக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நன்னிலம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் 19 வருஷமாக இருக்கிறேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் இந்த ஆட்டம். எங்களிடம் ஒரு விவசாயி ஒவ்வொரு தை மாசமும் வருவார். மூன்று பவுன் சங்கிலி ஒன்று, வீட்டம்மாவுடையது. நெல் போட்ட பணத்தில் சங்கிலியை மீட்டுவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வருஷமும் கிளம்பி வருகிறார். ஆனால் அறுப்புக்கு முன்னாலேயே அந்த நெல்லுக்குப் பேர் எழுதியாகிவிடும். உரக்கடைக்கு இவ்வளவு, அறுவடை மெஷினுக்கு இவ்வளவு, போன வருஷக் கைமாற்று இவ்வளவு. கவுண்டருக்கு வந்து சேரும்போது கையில் வட்டிக்குத்தான் இருக்கும். வட்டியைக் கட்டி, அன்றைக்கே அதே சங்கிலியைத் திருப்பி வைப்பார். அந்தப் பத்து நிமிஷம் சங்கிலி வெளியே இருக்கும். நான் தராசில் வைப்பேன், கொக்கியைப் பார்ப்பேன், உரைகல்லில் ஒரு கோடு இழுப்பேன், மறுபடி உறையில் போட்டு அரக்கு வைப்பேன். அந்தம்மா அதைக் கழுத்தில் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவருக்கு விளைச்சல் குறைவே கிடையாது. நல்ல மகசூல் எடுக்கிற மனுஷன். பணம் வருகிற தேதிக்கு முன்னாலேயே செலவு தேதி வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நிஜ வரலாற்றில் ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்புக்கு நடந்ததும் அச்சு அசல் இதுதான். ஆட்டத்தில் தங்கம் என்ற ஒரே பண்டமாகக் காட்டுகிறார்கள், நிஜத்தில் வந்ததில் பெரும்பங்கு வெள்ளி. தென் அமெரிக்காவில், அன்றைய ஸ்பானியப் பெருவில் இருந்த பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடித்தார்கள். 1570களில் பாதரசத்தில் கலந்து பிரிக்கிற முறை அங்கே வந்ததும் உற்பத்தி எகிறியது. அந்தப் பாதரசமும் பெருவிலேயே, உவாங்காவெலிக்கா சுரங்கத்தில் கிடைத்தது. கடல் வழியாகப் பனாமா, அங்கிருந்து கோவேறு கழுதை முதுகில் நிலத்தைக் கடந்து மறுகரை, பிறகு ஹவானா, பிறகு ஸ்பெயினின் செவில் துறைமுகம். அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு. உலகத்தில் எந்த அரசனுக்கும் அப்படி ஒரு வரவு அன்றைக்கு இருந்திருக்காது.

ஆனால் கப்பல் செவிலுக்கு வருகிறவரை ஃபிளாண்டர்ஸில் நிற்கிற சிப்பாய் காத்திருக்கமாட்டானே. அதனால் ஜெனோவா வங்கியாளர்களிடம் அசியெந்தோ என்ற குறுகிய காலக் கடன். அவர்கள் ஆண்ட்வெர்ப்பில் படைக்குப் பணம் கொடுப்பார்கள், பதிலுக்கு இனிமேல் வரப்போகிற வெள்ளி அவர்களுக்கு. கப்பல் நங்கூரம் போடுமுன்பே அதிலிருக்கிற வெள்ளிக்கு வேறு ஆள் சொந்தக்காரன். ஆட்டத்திலும் கவனித்திருப்பீர்கள், செவில் வணிகத்தின் கடைசி முனை (பணம் மேற்கொண்டு ஓடாமல் நிற்கிற இடம்) கிடையாது. ஜெனோவா, வெனிஸ், ஆங்கிலக் கால்வாய் மூன்றுதான் கடைசி முனைகள். செவிலில் நீங்கள் பிடித்து நிறுத்தாதது ஜெனோவா பக்கம் ஒழுகிக்கொண்டே இருக்கும். இதைச் செய்தவர்கள் வரலாற்றை நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் தோன்றிய இடம் அதுதான்.

இப்போது உங்கள் கணக்கு. ஆலோசகர் அடிப்படைச் சம்பளம் முதல் நிலைக்கு 1, இரண்டாம் நிலைக்கு 4, மூன்றாம் நிலைக்கு 9. மூன்றாம் நிலை ஆளை அனுப்பி முதல் நிலை ஆளை வைத்தால் தலைக்கு 8 மிச்சம். ராணுவத்துக்கும் ராஜதந்திரத்துக்கும் இருப்பவர்களை மாற்றுங்கள், மாதம் 16 மிச்சமாகும். நிர்வாகத்துக்கு இருப்பவரைத் தொடாதீர்கள். அவர் நாணயச்சாலை அதிகாரி என்றால் இன்னும் நல்லது, வருஷத்துக்கு 0.1 பணவீக்கம் குறைப்பார். உங்களுக்கு 75 நிர்வாகப் புள்ளி சேரும்போதெல்லாம் 2 சதவீதம் இறக்குங்கள். 14 சதவீதம் என்றால் 100 டுகாட் கோவிலை 114க்குக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம், படைக்கும் அப்படித்தான்.

கூலிப்படையை அனுப்பினால் இன்னொரு 16. ஆக மாதம் 15 நஷ்டம் என்பது மாதம் 17 லாபம் ஆகிவிடும். வருஷத்துக்கு 204. பொன் கப்பலை வருஷக் கணக்கில் பிரித்தால் 124. இரண்டும் சேர்ந்து 328, அதை அப்படியே அசலுக்குப் போடுங்கள். ஒரு கடன் அடைந்தால் வருஷத்துக்கு 10 வட்டி குறையும், அதுவும் அசலுக்கே போகட்டும். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், 13 வருஷம் சொச்சத்தில் 23ம் தீர்ந்துவிடும். 1585 வாக்கில் நீங்கள் கடனில்லாத ஸ்பெயின்.

ஒரே நிபந்தனை. கப்பல் வருகிறது என்ற நம்பிக்கையில் ஒரு டுகாட்கூட முன்கூட்டிச் செலவு செய்யக் கூடாது. வந்த பிறகுதான் அது பணம்.

---

வெள்ளிக்கப்பல்:

அண்ணா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு ரொம்ப நன்றி. அந்தச் சங்கிலி மனசிலேயே நிற்கிறது. எங்கள் வீட்டிலும் அம்மாவின் வளையல் ஒன்று அப்படித்தான் போய்ப் போய் வரும்.

ஆலோசகர், கோட்டை இரண்டையும் இப்போதே மாற்றிவிட்டேன். கூலிப்படையில்தான் தடுமாறுகிறேன். அவர்களை அனுப்பினால் ஹாலந்துக் கலகத்தை யார் அடக்குவது? என் சொந்தப் படைக்கு ஆள்பலம் பிரான்ஸ் போரிலேயே தீர்ந்துபோய், இப்போது 9 ஆயிரம்தான் இருக்கிறது. ஹாலந்து கையை விட்டுப் போனால் கால்வாய் வணிகத்திலும் அடி விழுமே?

---

ஏரிக்கரை:

நான் மாற்றிச் சொல்கிறேன். திவால் ஒன்றும் உலகம் அழிகிற விஷயமில்லை. இரண்டாம் ஃபிலிப்பே 1557, 1560, 1575, 1596 என்று நாலு தடவை தவணையை நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகும் ஸ்பெயின் பேரரசாகவே இருந்தது. ஆட்டத்தில் 5 வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் தாண்டிவிடலாம். நான் போர்ச்சுகலில் ஒருமுறை செய்து தப்பித்தேன். 13 வருஷம் கஞ்சி குடிப்பதைவிட 5 வருஷம் பட்டினி மேல்.

---

உரைகல்:

ஏரிக்கரை நண்பருக்கு: போர்ச்சுகலுக்கு ஐரோப்பாவில் நில எல்லை காஸ்டிலோடு மட்டும்தான். காஸ்டில் நண்பனாக இருந்தால் 5 வருஷம் படுத்துக் கிடக்கலாம். தம்பிக்கு வடக்கே பிரான்ஸ் நிற்கிறது. திவாலில் படையின் மனோதிடம் விழுந்துவிடும், கடந்த 5 வருஷத்தில் கட்டிய கட்டடமும் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சமாதானம் பேசிய பிரான்ஸ், போர்நிறுத்தக் காலம் முடிந்ததும் முதலில் பார்ப்பது இவர் பக்கம்தான்.

அந்த நாலு தடவையில் 1575ஐ மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். செப்டம்பரில் ஃபிலிப் தவணையை நிறுத்துகிறார். ஜெனோவாக்காரர்கள் பதிலுக்கு ஆண்ட்வெர்ப்புக்குப் பணம் மாற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். கடன் பத்திரத்தில் மிச்சம் பிடித்ததாக மாட்ரிட்டில் நினைத்துக்கொண்டிருக்க, ஃபிளாண்டர்ஸில் சிப்பாய்க்குச் சம்பளம் நின்றுபோகிறது. மறுவருஷம் ஜூலையில் சிரிக்சே என்ற ஊரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடிக்கிறார்கள். பிடித்த கையோடு அதே படை கூலி கேட்டுக் கலகம் செய்கிறது. 1576 நவம்பர் 4ஆம் தேதி, தங்கள் அரசருக்கே சொந்தமான ஆண்ட்வெர்ப்புக்குள் புகுந்து நாள்கணக்கில் சூறையாடினார்கள். வடக்கு ஐரோப்பாவின் பெரிய வணிக நகரம் அது, அரசருக்காகப் பணம் புரண்ட சந்தையே அங்கேதான் இருந்தது. நாலு நாள் கழித்து, நவம்பர் 8இல், அதுவரை விசுவாசமாக இருந்த தெற்கு மாகாணங்களும் கலகத்திலிருந்த ஹாலந்து, சீலாந்தோடு கெண்ட் நகரில் கூடி, ஸ்பானியப் படை வெளியேற வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டன. இரண்டு மாகாணத்தோடு நின்றிருக்க வேண்டிய தீ எல்லாக் கூரைக்கும் பரவியது அந்த வாரத்தில்தான். 1572இலிருந்து 1607 வரை அந்த ஃபிளாண்டர்ஸ் படையில் 40க்கும் மேற்பட்ட கலகம். பெரும்பாலும் எல்லாம் சம்பள பாக்கி.

இன்னொன்று, அந்தத் திவால் கடனை அழிக்கவும் இல்லை. 1577இல் வங்கியாளர்களோடு பேசி, குறுகிய காலக் கடனைக் குறைந்த வட்டியுள்ள நீண்ட காலப் பத்திரமாக மாற்றினார்கள். எங்கள் வங்கி மொழியில் சொன்னால் தவணை மாற்றி எழுதியது. ஆட்டத்தில் பொத்தானை அழுத்தினால் கடன் மொத்தமும் மறைவது ஆட்டத்துக்காக எளிமையாக்கியது. அந்த இடத்தில் நிஜம் இன்னும் கொடுமையானது.

தம்பிக்கு: ஹாலந்து பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதை விட்டுவிடுங்கள்.

முழுவதையும் இல்லை. ஆண்ட்வெர்ப், கெண்ட் இருக்கிற தெற்கை வைத்துக்கொள்ளுங்கள், கால்வாய் வணிகத்தில் உங்கள் பிடி அங்கே இருக்கும். வடக்கே ஹாலந்தை, இப்போது கலகம் அடங்கியிருக்கும்போதே, சிற்றரசாகப் பிரித்துவிடுங்கள். அவர்கள் வரியில் ஒரு பங்கு கட்டுவார்கள், போருக்குக் கூப்பிட்டால் வருவார்கள். உள்ளூர்க் கலகத்தை அவர்கள் படையே பார்த்துக்கொள்ளும், அந்தச் செலவு உங்களுடையது இல்லை. ராஜதந்திர உறவில் ஓர் இடம் போகும், சுதந்திர வேட்கை 50க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சிரமம்.

ஃபிலிப்பும் கடைசியில் இதைத்தான் செய்தார். 1598இல், சாவதற்குச் சில மாதம் முன்பு, நெதர்லாந்தை மகள் இசபெல்லாவுக்கும் அவளை மணக்கவிருந்த ஆல்பர்ட்டுக்கும் எழுதிக்கொடுத்தார். ஆனால் ஹாலந்தின் பிரில் துறைமுகம் 1572இல் கலகக்காரர் கைக்குப் போய் 26 வருஷம் ஆகியிருந்தது. நீங்கள் 1571இல் இருக்கிறீர்கள் தம்பி. அவருக்குக் கிடைக்காத வருஷம் உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பதிவைப் பார்த்தபோது எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அவர் ஏன் விடவில்லை என்றும் எனக்குப் புரியாமல் இல்லை. அப்பா ஐந்தாம் சார்லஸ் பிறந்த ஊர் கெண்ட். பூர்வீக நிலம். எங்கள் பக்கத்திலும் பூர்வீக நிலத்தை விற்றால் கடன் தீரும் என்று தெரிந்தும் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. அவர்களிடம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. உங்களிடம் சொல்ல முடிகிறது.

---

ஏரிக்கரை:

ஆண்ட்வெர்ப் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணா, நான் தேதிகளை மட்டும்தான் படித்திருந்தேன். என் பதிலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், இது என் ஊர் விஷயம். அந்த ஹாலந்துக்காரர்கள் 1610இல் விஜயநகர அரசர் வெங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கி எங்கள் பழவேற்காட்டில் இறங்கினார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. இங்கே நெசவாளரிடம் துணி வாங்கி, கிழக்குத் தீவுகளில் மிளகுக்கும் சாதிக்காய்க்கும் மாற்றுவார்கள். துணிக்குக் கொடுத்த காசில் ஸ்பானிய ரியால் வெள்ளி நாணயமும் உண்டு. பொட்டோசியில் வெட்டி, ஸ்பெயின் படைக்குச் சம்பளமாகப் போன வெள்ளி, ஸ்பெயினின் எதிரி கை வழியாக எங்கள் ஏரிக்கரைத் தறிக்காரருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டுத் தூண்களைச் சின்ன வயசில் தொட்டு விளையாடியிருக்கிறோம். ஆட்டத்தில் சோழமண்டல முனையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

---

வெள்ளிக்கப்பல்:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். மூன்று ராத்திரி ஆடினேன்.

1571 டிசம்பரில் ஹாலந்தைச் சிற்றரசாகப் பிரித்தேன். பொத்தான் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 90 வருஷத்துக்கு மேல் என் நிறத்தில் இருந்த நிலம். பிறகு அழுத்திவிட்டேன். மறுநாளே கூலிப்படையை அனுப்பினேன்.

1574இல் ஒரு சோதனை வந்தது. பெட்டியில் 40 டுகாட்தான், பார்சலோனாவில் சந்தை கட்ட ஆசை, பொன் கப்பல் கிளம்பிவிட்டது என்று செய்தியும் வந்துவிட்டது. ஒரு கடன் எடுத்தால் கப்பல் வந்ததும் அடைத்துவிடலாம் என்று கை போனது. எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து 310 வந்தபோது பெட்டியில் 360க்கு மேல் சேர்ந்திருந்தது. ஒரு கடனை அடைத்துவிட்டு, மீதிப் பணத்தில்தான் சந்தையைத் தொடங்கினேன்.

இப்போது ஆட்டத்தில் 1576 நவம்பர். வேண்டுமென்றே இந்த மாதத்தில் நிறுத்தி சேவ் செய்தேன் அண்ணா. ஆண்ட்வெர்ப் அமைதியாக இருக்கிறது. கடன் 16. பணவீக்கம் 11. ஆள்பலம் 21 ஆயிரம். ஹாலந்தின் சுதந்திர வேட்கை 38.

---

உரைகல்:

மாத வட்டி எவ்வளவு இப்போது?

---

வெள்ளிக்கப்பல்:

13 அண்ணா.

---

உரைகல்:

நல்லது. ஹாலந்து 38இலேயே நிற்கட்டும். 45ஐத் தாண்டினால் சொல்லுங்கள், அவர்கள் கடன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சிற்றரசின் கடனை நீங்கள் அடைத்துக்கொடுத்தால் வேட்கை குறையும். ஆனால் உங்கள் 16 தீருகிறவரை அதற்கு அவசரமில்லை.